மூன்று பெயர்களும் ஒரு கடற்பயணமும்

காங்கேசன்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு நீரும் வானுமன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயினும், அந்நீர்ப்பரப்புக்கு அப்பால் ஏறக்குறைய 60 கடல் மைல் தொலைவில் நாகபட்டினம் இருக்கிறது என்பதை எம்மூர்ச் சிறுவரும் அறிவர்.

இத்துறைக்குப் பண்டு கயாத்துறை என்று பெயர். கீரிமலைத் தீர்த்தமாடிப் பிணி நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி மாவிட்டபுரத்தில் முருகப்பெருமானுக்கு ஆலயம் எடுப்பித்தாள் என்றும், அவ்வாலயத்துக்கென அக்கரையிலிருந்து வந்த காங்கேயன் திருவுருவம் இத்துறையில் இறங்கியமையால் கயாத்துறை காங்கேசன்துறையாயிற்று என்றும் ஐதிகம் கூறும். ஓர் ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதற்கு எவரும் அத்தாட்சிப் பத்திரம் கேட்கவில்லை. அவ்விளவரசி கடல் கடந்து வந்தபோதும், “தந்தை பெயர் யாது? கணவர் பெயர் யாது? முன்னர் எப்போதாயினும் பெயர் மாற்றியதுண்டா?” என்று எந்த உத்தியோகத்தரும் அவளை வினவியிருக்கமாட்டார். எமது இல்லாளை வினவினார்கள். அவ்வினாவுக்கு விடை தேடி நாம் அலைந்த கதையே இது.

தமக்கையாரின் அழைப்பு

2025 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்து சில நாட்களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொலைபேசிச் செய்தியொன்று வந்தது. எமது இல்லாளின் ஒரே தமக்கையாருக்கு இருதய சத்திர சிகிச்சை செய்ய வேண்டும். புரட்டாதி இறுதியில் நாள் குறித்தாயிற்று. உடனிருந்து பார்க்க உறவினர் ஒருவர் வேண்டும் என்பதே செய்தி.

அவருக்கு அங்கு வேறு உறவினர் இல்லை. இல்லாளின் பிறந்தகம் மாவிட்டபுரத்துக்கு அண்மையிலுள்ளது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தபோது, எமது மாமனார் 16 வயதான மூத்த மகளைத் தம் சகோதரியாருடன் படகேற்றி அக்கரைக்கு அனுப்பினார். ஏழு வயதான இளைய மகளைத் தம்முடன் வைத்துக்கொண்டார். நிலைமை சீரானதும் மூத்தவளை அழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அது நிறைவேறவில்லை. அழைத்துச் சென்ற மாமியாரும் அங்கேயே இறந்தார். மைத்துனியார் மணம் செய்யாமல், முகாமில் சிறுவர்க்கு எழுத்தறிவித்துக் காலம் கழித்தார். மாமனார் 2008 ஆம் ஆண்டில் வாடகை வீடொன்றில் கண்ணை மூடினார். அவரது காணி பின்னாளில் விடுபட்டபோது, நாம் போய்ப் பார்த்தோம். கிணறும் அத்திவாரக் கற்களும் ஒரு வேப்பமரமுமே எஞ்சியிருந்தன. வீட்டோடு படங்களும் போயின. அவர் முகம் பதிந்த ஒரு நிழற்படந்தானும் எம்மிடம் இல்லை.

தமக்கையும் தங்கையும் 35 ஆண்டுகளாக ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. ஆகவே, போகலாமா வேண்டாமா என்ற ஆலோசனைக்கே இடமிருக்கவில்லை.

பாயில் விரித்த பத்திரங்கள்

கடவுச்சீட்டுகள் இருந்தன. காசி யாத்திரை செய்வோம் என்று 2019 ஆம் ஆண்டில் பத்தரமுல்லைவரை சென்று இருவரும் எடுத்துவைத்தவை அவை. கொள்ளைநோய்க் காலம் வந்து காசியும் நின்றது. கடவுச்சீட்டுகளும் அலுமாரியில் உறங்கின. அவற்றை எடுத்து இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தோம். அவ்விண்ணப்பத்திலேதான், முன்னர் பெயர் மாற்றியதுண்டா என்ற வினா இருந்தது. நாம் சற்றும் யோசியாமல் ‘இல்லை’ என்று எழுதினோம். விசாவும் கிடைத்தது.

கப்பற் சீட்டைப் பதிவு செய்யும் பணியை எமது மருமகனிடம் ஒப்படைத்தோம். அவன் எம் இருவர் பெயரையும் எழுதித் தரும்படி கேட்டான். நாமும் ஒரு கடதாசித் துண்டில், கலியாணக் கடிதங்களில் உறவினர் எழுதுமாப்போல, எம் பெயரையும், அதன்கீழ் எம் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னுமாகக் கொண்ட இல்லாளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். அவன் அதை முகவர் ஒருவரிடம் கொடுத்தான். சீட்டுகள் வந்தன.

பயணத்துக்கு எட்டு நாட்கள் இருக்கையில் இல்லாள் சீட்டையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, இந்த ரிக்கற்றிலை இருக்கிற ஆள் நானில்லை” என்றார்.

ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைக்குத் தோற்றும் மாணவரின் பெயர்ப் பட்டியலை எழுத்துக்கெழுத்து ஒப்புநோக்கி, ஒரு கொம்பு குறைந்தாலும் பிள்ளையைப் பிறப்புப் பத்திரம் கொண்டுவரும்படி வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியர் நாம். எம் வீட்டிலுள்ளவரின் பெயரை ஒப்புநோக்க எமக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடு அலுமாரியைத் திறந்து, இருந்த பத்திரங்கள் யாவற்றையும் பாயில் விரித்தோம்.

பிறப்புப் பத்திரத்திற் பெயர்க் கட்டத்தில் அவருடைய பெயர் மட்டும் தனியே நின்றது. தந்தையின் பெயர் வேறு கட்டத்தில் இருந்தது. பாடசாலைக் காலத்தில் எடுத்த தேசிய அடையாள அட்டையிலும் அதைப் பார்த்து எழுதிய கடவுச்சீட்டிலும் தந்தை பெயர் முன்னே நின்றது. வங்கிப் புத்தகத்திலும் ஊர்ச் சங்கப் பதிவேட்டிலும் சீட்டிலும் எம்முடைய பெயர் முன்னே நின்றது. தனிப்பெயர் ஒன்று, ‘க’ என்று தொடங்கும் பெயர் ஒன்று, ‘ச’ என்று தொடங்கும் பெயர் ஒன்று ஆக மூன்று பெயர்கள். ஆள் ஒருவர்.

எம்மவர் வழக்கத்தைச் சிறிது சிந்திக்க வேண்டும். மேல்நாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. அது தலைமுறை தலைமுறையாக வரும். எமக்கு அஃதில்லை. பிறந்தவுடன் தந்தை பெயர் முன்னே வருகிறது. ஆண்மகனுக்கு அது ஆயுள்வரை நிலைக்கிறது. பெண்மகளுக்கோ, மணமான மறுநாளே எவரும் சொல்லாமல், எங்கும் எழுதாமல், தந்தை பெயர் அகன்று கணவன் பெயர் வந்து அமர்கிறது. இலங்கையில் அப்படிச் செய்யவேண்டுமென்று சட்டம் ஏதும் கட்டாயப்படுத்தவில்லை. மணத்தினாற் பிறப்புப் பதிவும் மாறுவதில்லை. எல்லாம் வழக்கமே. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் எழுத்திற் கொண்டுவந்த தேசவழமையும் பெண்ணின் சீதனத்தை அவளுடைய உடைமையென்றே தனியே வைத்தது. எமது இல்லாளின் சீதனக் காணி இன்றும் அவர் பேரில் நிற்கிறது. அவர் பெயரோ எம் பேரில் நிற்கிறது!

அடையாள அட்டையில் மாறாத ஒன்று உண்டு, அது இலக்கம். எமது நாட்டு அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாம் நாளிற் பிறந்தார் என்பதும் அடங்கியிருக்கும். பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். மார்ச் முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 061 என்றால், பெண்ணுக்கு 561. கணவன் வந்தாலும் அந்த எண்ணில் ஒன்றும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

கச்சேரி வாசலில்

மறுநாட் காலை இருவரும் யாழ்ப்பாணம் கச்சேரிக்குப் புறப்பட்டோம். மாவட்டச் செயலகம் என்று பெயர் மாறி நெடுநாளாயினும் எம்மவர் நாவில் அது கச்சேரிதான். அதன் அயலிலேதான், 1829 முதல் 1867 வரை இங்கு அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை மரங்கள் வைத்து வளர்த்த பழைய பூங்கா உள்ளது. முன்னர் கடவுச்சீட்டு என்றால் எம்மவர் பைகளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கோ வவுனியாவுக்கோ இரவுப் பயணம் போகவேண்டும். 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி தொடக்கம் கச்சேரி வளவிலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டிருந்தது. நாம் சென்றபோது அது திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

எமது கருத்து, கடவுச்சீட்டை எம் பெயருக்கு மாற்றிவிடுவது என்பதே. சீட்டும் அவ்வாறே இருக்கிறது, ஊரும் அவ்வாறே அழைக்கிறது, ஒருவழியாக எல்லாம் ஒன்றாகிவிடும் என்று எண்ணினோம். விவாகப் பதிவுப் பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டோம்.

கருமபீடத்தில் இருந்த இளம் உத்தியோகத்தர் பத்திரங்களை அமைதியாகப் பார்த்தார்.

“மாஸ்ரர், விசா எந்தப் பாஸ்போட்டிலை இருக்குது?”

“இதிலைதான்.”

“அப்ப இதை மாத்தினால் விசாவையும் திரும்ப எடுக்கவேணும். பயணத்துக்கு ஏழு நாள். ரிக்கற்றை மாத்துறது சுகமோ, பாஸ்போட்டை மாத்துறது சுகமோ?”

நாம் வாயடைத்து நின்றோம். அவர் மேலும் விளக்கினார். கணவர் பெயரில் கடவுச்சீட்டு வேண்டுவோர் விவாகப் பதிவுப் பத்திரத்தைக் காட்டி அவ்வாறு பெறலாம். அடையாள அட்டையை முதலில் மாற்றி அதன் பின்னர் கடவுச்சீட்டுக்கு வருவது குழப்பமில்லாத வழி. ஆனால் அதனைப் பயணம் இல்லாத காலத்தில் ஆறுதலாகச் செய்ய வேண்டும். இவ்வளவையும் எம்மிடம் கூறியவர், பின்பு இல்லாளின் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு எந்தப் பேர் வேணும்?” என்று கேட்டார்.

எமக்கு மணமாகி 20 ஆண்டுகள். இந்த இருபது ஆண்டுகளில் அவ்வினாவை அவரிடம் எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. அவர் உடனே மறுமொழி கூறவில்லை. மேசையில் விரிந்திருந்த விவாகப் பதிவுப் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில், சாட்சிகள் ஒப்பமிடும் இடத்தில், மாமனாரின் கையெழுத்து இருந்தது. எழுத்துக்கள் வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் கீழ் ஒரு கோடு இழுத்திருந்தது. இல்லாள் சுட்டுவிரலை அக்கோட்டின்மேல் வைத்தார்.

“இப்ப அப்பான்ரை பேரோடையே போறன். அக்காவும் அந்தப் பேரிலைதான் அங்கை இருக்கிறா.”

நாம் ஒன்றும் பேசாமல் பத்திரங்களை உறையில் இட்டோம். அன்றே முகவரிடம் சென்று சீட்டைத் திருத்தினோம். அதற்கு மேலதிகப் பணம் அறவிட்டார்கள். பிழை எம்முடையதாதலால் முறையிட வழியில்லை. விவாகப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

கடல்மேல்

பயண நாளன்று காங்கேசன்துறை நோக்கிச் செல்கையில் மாவிட்டபுரம் வந்தது. கோபுரத்தைக் கண்டு கும்பிட்ட இல்லாள் வாகனத்தைச் சற்று நிறுத்தச் சொன்னார். இறங்கி, தம் பிறந்தகத்துக் காணிவரை நடந்துபோய், கிணற்றடியில் ஒரு பிடி மண்ணும் வேப்பங்கொத்தும் எடுத்து வந்தார். “மண் கொண்டுபோக விடமாட்டினம்” என்றோம். மண்ணைத் திரும்பக் கொட்டிவிட்டு வேப்பங்கொத்தோடு வந்தார். துறைமுகத்தில் அதனையும் அவர் தாமாகவே வெளியிலிருந்த ஒரு மதகில் வைத்துவிட்டார்.

துறைமுகத்தை அடுத்து, 1950 இல் இயங்கத் தொடங்கி 1990 இல் ஓய்ந்த சீமெந்து ஆலையின் கட்டடங்கள் நின்றன. அப்பால் வெளிச்சவீடு. நடுவே புதிய பிரயாணிகள் மண்டபம். 2023 ஒக்ரோபரில் இத்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே கப்பற் சேவை ஆரம்பமாகி விரைவில் நின்றது; பின்னர் 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. எமது பாட்டனார் காலத்தில் இத்தகைய மண்டபங்களுக்குத் தேவையிருக்கவில்லை. 1914 ஆம் ஆண்டிலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே ஓடிய கப்பலில் ஏறி, சிதம்பர தரிசனத்துக்கு அடுத்த ஊருக்குப் போவதுபோலப் போய்வந்தார்கள். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரே கடவுச்சீட்டு விசா என்ற சொற்கள் எம் ஊர்களிற் பழகின. 1964 இறுதியில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

உத்தியோகத்தர் கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தை ஒரு கருவியில் வைத்தார். அப்பக்கத்தின் அடியில் ஈரடி எழுத்துக்கள் இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். உலக நாடுகள் யாவும் ஏற்றுக்கொண்ட முறை அது. அடியொன்றுக்கு 44 எழுத்திடங்கள். முதலடியில் ஐந்து இடம் பத்திரத்தின் வகைக்கும் நாட்டுக்கும் போக, எஞ்சிய 39 இடங்களில் ஆளின் பெயர் அடங்க வேண்டும். முதலில் குடும்பப் பெயர். பின்பு அம்புமுனை போன்ற குறி இரண்டு. அதன் பின்னரே சொந்தப் பெயர். குடும்பப் பெயர் இல்லாத எம்மவர்க்கு அவ்விடத்தில் தந்தை பெயரோ கணவர் பெயரோ போய் அமர்கிறது. ஆகவே, எமது இல்லாளின் கடவுச்சீட்டைத் தொட்ட கருவி முதலில் வாசித்தது அவரது பெயரையன்று. மாமனாரின் பெயரையே வாசித்தது. சீட்டும் விசாவும் கடவுச்சீட்டும் ஒத்திருந்தமையால் முத்திரை விழுந்தது.

பிற்பகலிற் கப்பல் புறப்பட்டது. நான்கு மணி நேரப் பயணம். கரை மறையும்வரை இல்லாள் சாளரத்தை விட்டு அகலவில்லை. “அக்கா போகேக்கை இருட்டு. எனக்குக் கைகாட்டினவவோ தெரியாது” என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை.

நாகபட்டினத்தில் மாலை விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். குடிவரவு உத்தியோகத்தர் எம் இருவர் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, “கணவன் மனைவின்னு சொல்றீங்க, பேரு ரெண்டும் வேற வேறயா இருக்கே?” என்றார். விவாகப் பதிவின் மொழிபெயர்ப்பை நீட்டினோம். அவர் படித்தார். “இது அவங்க அப்பா பேரா? எங்க பக்கம் இனிஷியலோட முடிச்சிடுவோம்” என்று சிரித்துக்கொண்டே முத்திரையிட்டார். எட்டு நாட் கவலை அரை நிமிடத்தில் முடிந்தது.

திருச்சியில்

திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நள்ளிரவில் திருச்சியை அடைந்து, விடியற்காலையில் வைத்தியசாலைக்குச் சென்றோம். நோயாளியுடன் தங்குவோர் பெயரைப் பதியும் இடத்தில் ஒரு தாதி இருந்தார். உறவு என்னவென்று கேட்டார். தங்கை என்றோம். ஆதாரம் கேட்டார்.

மைத்துனியாரின் முகாம் அட்டை அங்கே வைக்கப்பட்டிருந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழ்நாட்டு அரசு 2021 இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அட்டையின் தலைப்பு எவ்வாறு மாறினும் உள்ளே இருந்த பெயர் 1990 இல் எழுதிய பெயரே. தாதி அட்டையில் இருந்த தந்தை பெயரையும் கடவுச்சீட்டில் இருந்த பெயரையும் ஒப்புநோக்கினார். ‘க’வும் ‘க’வும் பொருந்தின. வேறு கேள்வி இல்லை. கச்சேரியில் எம் விருப்பப்படி நடந்திருந்தால், உடன்பிறந்தவர்கள் என்று நிறுவ அவ்விடத்தில் எத்தனை பத்திரம் தேடியிருக்க வேண்டுமோ!

சகோதரிகள் சந்தித்ததை எழுத நாம் முயலமாட்டோம். நாம் வாசலிலேயே நின்றுவிட்டோம். சிறிது நேரம் கழித்து உள்ளே போனபோது மைத்துனியார் கட்டிலிற் சாய்ந்திருந்தார். கையில் தங்கையின் கடவுச்சீட்டு. மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பின்பு எம்மையும் பார்த்து, தங்கையையும் பார்த்து, “அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திட்டாய்” என்றார்.

இல்லாள் உறையிலிருந்து விவாகப் பதிவுப் பிரதியை எடுத்து, அடியிலிருந்த கையெழுத்தைக் காட்டினார். மைத்துனியார் அதனை அன்று முழுவதும் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தார்.

சத்திர சிகிச்சை இறைவன் அருளால் நன்கு நிறைவேறியது. இல்லாள் மூன்று வாரம் உடனிருந்தார். நாம் பாடசாலைக் கடமையின் பொருட்டு முன்னரே திரும்பினோம்.

எம்போல் இடர்ப்படாதிருக்க வாசகர்களுக்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, ஒன்றிரண்டு சொல்லி முடிப்போம். பயணச் சீட்டுக்குப் பெயர் கொடுக்கையில் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கெழுத்து எழுதுங்கள். ஊர் வழங்கும் பெயரை எழுதாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, சீட்டு மூன்றும் ஒத்திருந்தால், தந்தை பெயராயினும் கணவர் பெயராயினும் தடையில்லை. விவாகப் பதிவுப் பிரதியும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பையில் இருக்கட்டும். பெயர் மாற்ற விரும்புவோர் விசா எடுக்கு முன்னரே மாற்றிவிடுங்கள். கணவன்மாருக்கும் ஒரு சொல்: அப்பெயர் எதுவாயிருக்க வேண்டுமென்று முதலில் அவரைக் கேளுங்கள்.

ஐப்பசியின் முதற் பகுதியில் இல்லாள் திரும்பி வந்தார். காங்கேசன்துறை மண்டபத்துக்கு வெளியே நாம் காத்து நின்றோம். கடவுச்சீட்டு 2029 வரை செல்லும்; அதன் பின்னர் எந்தப் பெயரில் எடுப்பதென்று அவர் இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்தவர் முதலிற் கேட்டது வேறொன்று.

“அந்த மதகிலை வைச்ச வேப்பங்கொத்து இருக்கோ பாத்தனீங்களோ?”